மூன்றாம் டிராம்போனின் தாள்

டுலூத், மினசோட்டா
14 அக்டோபர் 1986

அன்புள்ள மேவிஸ்,

நலம் விசாரித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்க வேண்டும். நலமா? சரி, உன் பாட்டுத் தாள்கள் எங்கே?

ஆகஸ்டில் ஒரு கடிதம், செப்டம்பரில் இரண்டு. எல்லாம் கிணற்றில் போட்ட கல். கச்சேரி டிசம்பர் 13, சனிக்கிழமை. எங்கள் பாப்ஸ் இசைக்குழுவில் அறுபத்திரண்டு பேர். ஒவ்வொருவர் ஸ்டாண்டிலும் அவரவர் வாசிக்க வேண்டிய தாள் இருக்க வேண்டும். அதைத் தேடி வாங்கி வைக்கிற நூலகன் நான். நீ மேடைக்கு வந்து சிரித்தால் போதும், தாள் வானத்திலிருந்து விழும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நம் கல்யாண காலத்திலும் அப்படித்தான் நினைத்தாய்.

உனக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஒத்திகை. வெள்ளி மாலை இரண்டரை மணி நேரம். அதில் தொழிற்சங்க விதிப்படி இருபது நிமிஷம் காபிக்குப் போய்விடும். மிச்ச நேரத்தில் லூத்தரன் சர்ச் பிள்ளைகளின் கைமணிக் கோஷ்டி வேறு இருக்கிறது. செலவை ஏற்றிருக்கும் மரக்கடை முதலாளி சாண்டா வேஷம் போட்டுச் சறுக்கு வண்டியில் மேடைக்கு வந்தே தீருவேன் என்கிறார். மேடைக் கதவைவிட வண்டி நாலு அங்குலம் அகலம். அவரிடம் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கண்டக்டர் டெரன்ஸ் நேற்று என்னிடம், "உங்க முன்னாள் மனைவிதானே, ஒரு போன் போட்டுக் கேக்கலாமில்ல?" என்றார். "நாங்க போன்ல பேசறதில்ல சார். பாதியில வெச்சிடுவோம். கடிதம்னா கடைசி வரைக்கும் படிச்சாகணும்" என்றேன். பிரிந்து பன்னிரண்டு வருஷமாக நாம் இப்படி எழுதிக்கொண்டிருப்பதைக் கேட்டு மனிதர் திகைத்துப்போனார்.

உன்னை அழைக்கலாம் என்று சொன்னது நான் இல்லை. அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். தாளை அனுப்பு.

கோபம் பாதி, அன்பு பாதியாக,
ஹால்வர்


நியூயார்க்
23 அக்டோபர் 1986

அன்புள்ள ஹால்வர்,

நலம்தான், கத்தாதே. தாள்கள் தெற்கே ஒரு குழுவிடம் மாட்டிக்கொண்டிருந்தன. அவர்களுடைய நூலகர் உன்னைப் போல இல்லை, நிம்மதியான மனுஷன், எதையும் அனுப்புவதில்லை. நேற்றுதான் பெட்டி அங்கிருந்து கிளம்பியது, நேரே உனக்கு வந்து சேரும்.

இப்போது என் முறை. ஊர் ஊராகப் போய் ஒரே புகாரைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. 'ஜன்னல் பாட்டு' தெரியும்தானே உனக்கு? நான் நாடக மேடையில் முதலில் பெயர் வாங்கிய பாட்டு. அதில் பனி ஒரே ஒரு வரியில் வருகிறது, அதற்காக அதைக் கிறிஸ்துமஸ் பாட்டாக்கி என் தலையில் கட்டிவிட்டார்கள். போகட்டும். அதன் கடைசிப் பக்கத்தில் நான் உச்சிக்கு ஏறும் இடத்தில் டிராம்போன்கள் மெல்ல வாசிக்க வேண்டும். 'மிக மெல்ல' என்று நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய், 1964இல், நம் சமையலறை மேஜையில். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அந்த மூன்று பித்தளைக் குழல் தடியன்களும் சரியாக அந்த இடத்தில் என் மேல் ஏறி மிதிக்கிறார்கள்! ஒத்திகையில் சொன்னால் கண்டக்டர், "கண்டிப்பா மேடம், கவனிச்சுக்கறேன்" என்கிறார். கச்சேரியில் அதே இடி முழக்கம். பிப்ரவரியில் ஒரு பத்திரிகைக்காரன் நான் பித்தளையில் மூழ்கிப்போனதாக எழுதினான். என் தவறா அது? ஐந்து வருஷமாக என் உச்ச ஸ்வரம் என் காதுக்கே கேட்கவில்லை, ஹால்வர்.

யாரோ ஒருவன் எப்போதோ பென்சிலால் அங்கே எதையோ கிறுக்கி வைத்திருக்க வேண்டும். வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்து வாசிக்கிறான். ஆகவே எனக்காக ஒன்று செய். ஒரு தாள் விடாமல் பென்சில் குறிகளை எல்லாம் அழித்துவிடு. நீ மையில் எழுதியது மட்டும் மிஞ்சட்டும்.

உன்னிடம்தான் இதைக் கேட்க முடியும். மற்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தவுடன் "ஆஹா" என்கிறார்கள். நீ அப்படி இல்லை. கல்யாணத்தன்று சர்ச் வாசலில் வைத்து என் தொப்பி அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னவன் நீ. ஏப்ரலில் மினியாபோலிஸுக்கு வந்து கேட்டுவிட்டு, "இவ்வளவு நல்லா நீ பாடினதே இல்ல மேவிஸ்" என்றாயே. வேறு யார் சொல்லியிருந்தாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பேன். நீ சொன்னதால் ஒரு மாதம் கால் தரையில் படாமல் நடந்தேன்.

அழித்துவிடு. மறக்காதே.

உன் பழைய தொல்லை,
மேவிஸ்


டுலூத்
5 நவம்பர் 1986

அன்புள்ள மேவிஸ்,

பெட்டி வந்தது. பாதி நனைந்து, பாதி தக்காளிச் சாறு வாசனையோடு வந்தது. புல்லாங்குழல் தாளில் உன் பெயருக்கு மேல் ஒருத்தன் உன்னைப் படம் வரைந்து மீசையும் வைத்திருக்கிறான். இரண்டாம் கிளாரினெட்காரர் ஓரத்தில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதியிருக்கிறார். முட்டை, வெங்காயம், பூனைக்குச் சாப்பாடு. வயலின்கள் முழுவதையும் அழித்து முடித்துவிட்டேன். என் மேஜை மேல் ரப்பர் தூள் குவிந்து கிடக்கிறது. பித்தளைக்காரர்களின் தாள்கள் மட்டும் பாக்கி.

வேறொரு யோசனை. கோபப்படாமல் படி. எங்கள் அரங்கம் உனக்குத் தெரியும், ஒலி நிற்காமல் வறண்டு போகும். டிசம்பரில் ஏரிக்காற்று வேறு. வெளியிலிருந்து உள்ளே வந்ததும் யாருக்கும் தொண்டை கட்டத்தான் செய்யும். ஜன்னல் பாட்டை மட்டும் ஒரு கட்டை, அல்லது ஒன்றரைக் கட்டை, சுருதி இறக்கிக்கொண்டால் உனக்குச் சௌகரியமாக இருக்கும். மூலப் பிரதி என்னிடம் இருக்கிறது. புதிதாகத் தாள் எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இந்த ஒரு கச்சேரிக்கு மட்டும். ஜனங்களுக்குத் தெரியவா போகிறது?

எங்கள் மூன்றாம் டிராம்போன் டோய்வோ உன்னை ரொம்ப விசாரித்தான். பகலில் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றுகிற ஆள். "அவங்க வந்தா நான் குளிச்சிட்டு வர்றேன்னு சொல்லு" என்றான். அவனிடமிருந்து இதைவிடப் பெரிய மரியாதையை எதிர்பார்க்க முடியாது.

சுருதி விஷயம் யோசித்து எழுது.

அன்புடன்,
ஹால்வர்


நியூயார்க்
11 நவம்பர் 1986

ஹால்வர்,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை, அதனால் போடவில்லை.

குளிராம்! ஏரிக்காற்றாம்! நான் பஃபலோவில் பிப்ரவரி மாதம் மூக்கு உறைந்த நிலையில் பாடியவள். எனக்கா நீ குளிர் பாடம் எடுக்கிறாய்? இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாட்டை அந்தச் சுருதியில் பாடுகிறேன். கேட்கிறவர்கள் காத்திருப்பதே அந்த உச்சிக்காகத்தான். அதை இறக்கிவிட்டுப் பாடுவதற்கு நான் எதற்கு, உங்கள் சர்ச் கோஷ்டியில் யாராவது ஒரு பெண்ணை நிறுத்திப் பாட வையுங்கள்.

என் கோபம் சுருதியைப் பற்றியதுகூட இல்லை. நீ சுற்றி வளைக்கிறாய். மழுப்பும்போது உன் கையெழுத்து சின்னதாகிவிடும், இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டியிருந்தது. என்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறாய். பெரிய மனுஷன் மாதிரி பேசாதே. நீ ஹால்வர். என்னிடம் வாயைத் திறந்து சொல்கிற ஒரே ஜீவன். அதற்காகத்தான் உன்னோடு இன்னும் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறேன், உன் அழகுக்காக இல்லை.

என்ன விஷயம்? ஒரே வரியில் எழுது. பித்தளைத் தாள்களை அழித்தாயா, இல்லையா?

மேவிஸ்


டுலூத்
18 நவம்பர் 1986

அன்புள்ள மேவிஸ்,

அழிக்கவில்லை. இதோடு மூன்றாம் டிராம்போன் தாளின் கடைசிப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பென்சில் மங்கியிருப்பதால் நான் படித்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

1981 டிசம்பர் என்று தேதி போட்ட கை: "இங்க மெல்ல வாசிச்சா அந்தம்மா மாட்டிக்குவாங்க. ஓங்கி ஊது."

அதன் கீழே வேறு ஒரு பென்சில்: "ஆமாய்யா. நெஜந்தான்."

1984: "கண்டக்டர் கையப் பாக்காத. அவங்க கழுத்தப் பாரு. நரம்பு புடைச்சா மூணு பேரும் சேந்து ஊது."

இந்த வருஷம் பிப்ரவரி: "ரெண்டு தாளம் முன்னாடியே ஆரம்பி. இப்பல்லாம் அவங்க குரல் முன்னாடியே உடையுது. இன்னிக்கி ஒத்திகையில எங்க எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தாங்க. நல்ல மனுஷி. காப்பாத்து."

வேறு வேறு ஊர், வேறு வேறு கை. ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள். அவர்கள் உன்னை மிதிக்கவில்லை, மேவிஸ். மறைத்திருக்கிறார்கள். நீ சொன்னபடி நான் இதையெல்லாம் அழித்துவிட்டால் எங்கள் ஆட்கள் மையில் இருப்பதை வாசிப்பார்கள், மிக மெல்ல. அப்போது இரண்டாயிரம் பேர் முன்னால் அந்த உச்சியில் நீ தனியாக நிற்பாய். அழிக்காமல் விட்டால் நீ அவமானப்படுத்தப்பட்டதாக நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவாய். இரண்டு வாரமாக ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஒரு பக்கத்தின் முன்னால் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் இதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மினியாபோலிஸில் நான் கடைசி வரிசையில் இருந்தேன், தூரம், சரியாகக் கேட்டிருக்காது. என்னை நம்பு.

சுருதியை இறக்கினால் இவர்கள் யாரும் உன்னைக் காப்பாற்ற வேண்டியிருக்காது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு,
ஹால்வர்


டுலூத்
1 டிசம்பர் 1986

அன்புள்ள மேவிஸ்,

பதில் இல்லை. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு என் அக்கா வீட்டுக்குப் போனேன், வான்கோழியை வெட்டக்கூடக் கை வரவில்லை. "என்னடா, செத்த கோழியப் பாத்து இப்படி உக்காந்திருக்க?" என்று அக்கா கேட்டாள். வேலைப் பளு என்றேன். அவள் நம்பவில்லை.

டெரன்ஸ் தினமும் வந்து நிற்கிறார். "எந்தச் சுருதி ஹால்வர்? எனக்கு ஒரு பதில் வேணும்!" நான் என்ன சொல்ல? சாண்டாவின் வண்டியை நாலு அங்குலம் அறுத்துவிட்டார்கள், இப்போது அது ஒரு பக்கமாகச் சாய்கிறது. கைமணிப் பிள்ளைகளில் நால்வருக்குச் சின்னம்மை. இந்த வருஷம் எதுவும் உருப்படுகிற மாதிரி தெரியவில்லை.

திட்டியாவது எழுது. வர மாட்டேன் என்றாலும் எழுது. ஒத்திகை பன்னிரண்டாம் தேதி. நான் எந்தத் தாளை ஸ்டாண்டில் வைப்பது?

ஹால்வர்


நியூயார்க்
4 டிசம்பர் 1986

ஹால்வர்,

அந்தப் பக்கத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பிறகு நம் பழைய பியானோக்காரி வெராவின் வீட்டுக்குப் போய், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினேன். அவள் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டாள். உச்சியில் குரல் உடைந்தது எனக்கே கேட்டது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். ஐந்து வருஷமாக மூன்று டிராம்போன்காரர்களைத் திட்டித் தீர்த்தேன்.

இறக்கு, ஒன்றரைக் கட்டை. குழுவில் யாரிடமும் எதுவும் விளக்க வேண்டாம். டிராம்போன்கள் மெல்ல வாசிக்கட்டும்.

எட்டு நாள்தான் இருக்கிறது, வாத்தியத்துக்கு ஒன்றாக முப்பது தாள் எழுத வேண்டும். எழுத முடியுமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. முடியாவிட்டால் அந்தப் பாட்டை எடுத்துவிடு.

சொன்னதற்கு நன்றி. வலிக்கிறது. ஆனால் நீ சொன்னாய்.

மேவிஸ்


டுலூத்
8 டிசம்பர் 1986

அன்புள்ள மேவிஸ்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. கவலைப்படாதே, வெள்ளிக்கிழமை எல்லாம் ஸ்டாண்டில் இருக்கும். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. விமான நிலையத்துக்கு டோய்வோ வருவான், அவன் லாரியில்தான் சூடு நன்றாக வரும். கனத்த பூட்ஸ் எடுத்துக்கொண்டு வா.

எத்தனை நிம்மதி எனக்கு என்று எழுதத் தெரியவில்லை.

ஹால்வர்


டுலூத் விமான நிலையம்
14 டிசம்பர் 1986

அன்புள்ள ஹால்வர்,

பனியால் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். உனக்குப் போன் செய்யலாம், நீ பத்து நிமிஷத்தில் வந்து நிற்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நன்றாகப் பாடினேன். அது எனக்கே தெரியும், இந்தத் தடவை நீ சொல்லத் தேவையில்லை. சாண்டா வண்டியோடு கதவில் மாட்டிக்கொண்டு, கைமணிப் பிள்ளைகள் அவரைப் பிடித்து இழுத்த பிறகு யார் பாடினாலும் ஜனங்கள் மன்னித்திருப்பார்கள்தான். இருந்தாலும் ஜன்னல் பாட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த மூன்று பேரும் மூச்சு விடுகிற அளவுக்கு மெல்ல வாசித்தார்கள், அதற்கு மேல் நான் ஏறினேன், ஏறிய இடத்தில் நின்றேன். என் குரலை நான் கேட்டேன். முன்பு போல உயரம் இல்லை, ஆனால் என் குரல்தான். உங்கள் ஊர்க்காரர்கள் கையுறையோடு கைதட்டுகிறவர்கள், மெத்தையைத் தட்டுவது போலத்தான் கேட்கும். முதல் வரிசையில் ஒரு கிழவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் தட்டினார். அவரைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு மேடைக்குப் பின்னால் ஹார்ப் வாசிக்கும் திருமதி ஓஸ்லண்டிடம் போய், இவ்வளவு கொஞ்ச நாளில் புதுத் தாளை எப்படித் தேற்றினீர்கள் என்று நன்றி சொன்னேன். அந்த அம்மாள் சிரித்தார். "கொஞ்ச நாளா? அக்டோபர் மொத வாரமே ஹால்வர் குடுத்துட்டாரே! எனக்கு சுருதி மாத்தற பெடல் எல்லாம் முன்கூட்டியே பாக்கணும். மத்தவங்களுக்கு இந்தத் திங்கக்கெழமதான் குடுத்தாரு, புதன்கெழம ஏதோ திருத்தணும்னு எல்லார் தாளையும் திரும்ப வாங்கினாரு. என்னுது வீட்ல இருந்துச்சு."

அக்டோபர் முதல் வாரம். என் பெட்டி உன் கைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால். ஒரு பென்சில் குறியையும் நீ பார்ப்பதற்கு முன்னால்.

அந்த ஹார்ப் தாளை வாங்கிப் பார்த்தேன். நகலெடுக்கிறவர்கள் கடைசி வரிக்குக் கீழே பெயரும் நாளும் போடுவீர்கள். ஹால்வர், டுலூத், ஜூலை 9, 1986. மற்ற தாள்களைப் புரட்டினேன், இருபத்தொன்பதிலும் அந்த இடத்தைப் பிளேடால் சுரண்டியிருக்கிறாய். அழகாகத்தான் சுரண்டியிருக்கிறாய், விரலை வைத்தால்தான் தெரிகிறது.

ஆக, மினியாபோலிஸில் உனக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுப் பூங்கொத்தோடு உள்ளே வந்து, இவ்வளவு நன்றாக நான் பாடியதே இல்லை என்றாய். ஊருக்குத் திரும்பிப் போய், கோடை முழுவதும் உட்கார்ந்து, நான் கீழே விழும்போது பிடிக்கத் தாள் எழுதினாய். முப்பது தாள் எழுத உனக்குத் தைரியம் இருந்தது ஹால்வர், நாலு வரி எழுதத் தைரியம் இல்லை. பிறகு முகம் தெரியாத டிராம்போன்காரர்கள் கிடைத்தார்கள், அவர்களை முன்னால் தள்ளிவிட்டு நீ பின்னால் நின்றுகொண்டாய். 'எனக்கும் இதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, என்னை நம்பு.' நான் நம்பினேன். நன்றியும் எழுதி அனுப்பினேன்.

உன் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. என்னை நோகடிக்கக் கூடாது என்றுதான் செய்தாய். எல்லாரும் அதற்காகத்தான் செய்கிறார்கள். அந்தக் கண்டக்டர்கள், "ஆஹா" என்கிறவர்கள், எல்லாரும். அந்தக் கூட்டத்தில் நீ இல்லை என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றுகூட, "உன் கூட வாழ முடியல, உன் பாட்டக் கேக்காம இருக்கவும் முடியல" என்று முகத்துக்கு நேரே சொன்னாய். எனக்கு அது போதுமாக இருந்தது. குரல் போனால்கூட இன்னொரு சுருதி இருக்கிறது. நீ சொல்வதை இனிமேல் நான் எதை வைத்து நம்புவது?

தாள்களை எடுத்துக்கொண்டு போகிறேன். எனக்கு அவை தேவை. நீ எழுதியதில் இதைவிடச் சுத்தமான எழுத்தை நான் பார்த்ததில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை. அடுத்த தடவை வேறு யாரையாவது எழுதச் சொல்லிக்கொள்கிறேன். டோய்வோவிடம் என் அன்பைச் சொல். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் பிரித்துப் படிப்பேன், படித்தால் ஒவ்வொரு வரியிலும் நீ எதைச் சுரண்டி எடுத்திருக்கிறாய் என்று விரலை வைத்துத் தேடிக்கொண்டிருப்பேன். நமக்கு அந்தக் கதி வேண்டாம்.

மேவிஸ்